டிம்மில் பத்தும், ஹையில் நூரும்

2022 தை மாதம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் இருக்கும் எங்கள் வட்டையில் காவல் முடித்து, மண்முனைப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். இரவு பதினொரு மணி கடந்திருக்கும். கெப்பின் டேஷ்போர்டுக்குள் இருந்து பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. யாரோ வைக்கோல் எரிக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். வெள்ளாமை வெட்ட முதலே வைக்கோல் ஏது என்று கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. கையை வைத்துப் பார்த்தால் ஃபொக் லைட் சுவிட்ச் தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

அந்தச் சுவிட்சில் இரண்டு ஹலோஜன் லைட்டை நேரே கொழுவியவன் நான்தான். பம்பரில் பூட்டினேன், பின்னால் இருந்த வயரைச் சீவி முறுக்கினேன், டேப் சுற்றினேன், அமத்தினேன், பத்தியது. பத்தினால் வேலை சரி என்பதுதான் அன்றைக்கு என் அறிவு. மூன்று கிழமை பத்தியது, நான்காவது கிழமை உருகியது.

எங்கள் பக்கத்தில் இந்த வாகனத்தைப் பிக்கப் என்று யாரும் சொல்வதில்லை. கெப்தான். என்னுடையது 1994 ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப், டீசல். 2020 இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படியான கிழட்டு வாகனங்களுக்கு வந்த மவுசு தெரியும்தானே. விற்கவும் மனமில்லை, புதிது வாங்கவும் அப்போது வழியில்லை. இருப்பதைத் திருத்தி ஓடுவதுதான்.

நான் இருப்பது எழுவான்கரையில், ஆரையம்பதிப் பக்கம். வயல் இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டும். இருட்டினால் அந்தப் பக்கம் போகிற எண்ணமே வராது. பாலம் வந்த பிறகுதான் இரவில் போய் இரவிலேயே திரும்புகிற பழக்கம் வந்தது. லைட்டின் தேவையும் அதோடுதான் வந்தது. பெரிய றோட்டை விட்டு இறங்கினால் கிறவல். கைபிடி இல்லாத மதகு. நடுவழியில் படுத்திருக்கும் எருமை. பின்லைட் இல்லாத சைக்கிள். வெள்ளாமை கதிர் பறிந்தால் ஆனை. இதில் எதையும் முப்பது வருசத்து ஹெட் லைட் காட்டாது, காட்டினாலும் கிட்டப் போன பிறகுதான் காட்டும்.

உருகிய சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, டேஷ்போர்டில் ஒரு ஓட்டை போட்டு முள்ளுச் சுவிட்ச் பூட்டியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டில் தடவித் தேட வேண்டும், முழங்கால் இடிக்கும், தூசி போகும், போட்ட ஓட்டை பிறகு மூடாது. கம்பனி சுவிட்ச் என்றால் கை பழகிய இடத்தில் இருக்கும், இரவில் அதற்குள்ளேயே சின்ன வெளிச்சம் வரும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மூடி போட்ட வெற்றுக் குழிகள் இரண்டு மூன்று எல்லாக் கெப்பிலும் இருக்கும். அந்த அளவுக்கே பொருந்தும் அசல் சுவிட்ச் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமானாகக் கிடைக்கிறது. கொழும்புக்குப் போன மச்சானிடம் சொல்லி இரண்டு எடுப்பித்தேன். ஒன்று பூட்ட, ஒன்று கழற்றிப் பார்க்க.

கழற்றிப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. உள்ளே இருக்கும் செப்புத் தகடு நகக்கண் அளவு. 55 வொட் லைட் இரண்டு என்றால் 110 வொட். 12 ஆல் பிரித்தால் ஒன்பது அம்பியருக்கு மேல். எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் 14 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். அதைவிட மோசமானது பத்த வைக்கும் அந்தக் கணம். ஹலோஜன் இழை குளிர்ந்து கிடக்கும்போது அதன் தடை, சூடேறிய பிறகு இருப்பதில் பத்தில் ஒரு பங்களவுதான். அதனால் கண்மூடித் திறக்க முதல் பல மடங்கு கரண்ட் பாய்ந்துவிடும். ஒவ்வொரு தடவை அமத்தும்போதும் அந்த நகக்கண் தகட்டில் ஒரு பொறி. பொறி பட்ட இடம் கறுக்கும், கறுத்த இடம் சூடாகும், சூடு பிளாஸ்டிக்கைத் தின்னும். நான்கு கிழமை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

காத்தான்குடியில் வயரிங் செய்யும் காக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் உருகிய சுவிட்சைக் காட்டினேன். திட்டவில்லை, சிரித்தார்.

“மனே, சுவிச்சு சொல்றதுக்குத்தான். சுமக்கிறதுக்கு ரிலே வேணும்.”

ரிலேயை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியின் அஞ்சல் ஓட்டம். முதல் பொடியன் கோலைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவான், மிச்சத்தை அடுத்தவன் ஓடுவான். சுவிட்ச் கொடுப்பது ஒரு சின்னக் கட்டளை மட்டும். ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு 150 மில்லி அம்பியர் அளவு போதும். அது காந்தமாகி, பெரிய தகட்டை இழுத்து, பெட்டரியில் இருந்து நேரே வரும் கரண்டை லைட்டுக்குக் கொடுக்கும். காலில் இலக்கம் போட்டிருக்கும். 85, 86 இரண்டும் சுருளின் இரு முனை. 30 பெட்டரிப் பக்கம். 87 லைட்டுப் பக்கம். ஜேர்மன்காரர் வைத்த இலக்கங்கள் இவை. எந்த நாட்டில் செய்த ரிலேயை வாங்கினாலும் அனேகமாக இதே இலக்கம்தான் இருக்கும்.

இவ்வளவும் சொல்லித் தந்தவர், நானே பூட்டிக்கொள்கிறேன் என்றதும் ஒரு நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

என் ஆசை இதுதான்: கம்பனி சுவிட்சைப் போட்டிருந்தாலும், ஹெட் லைட் ஹையில் இருக்கும்போது மட்டும் மேலதிக லைட் பத்த வேண்டும். எதிரில் ஆள் வந்து நான் டிம் அடித்தால் எல்லாம் சேர்ந்து நூர வேண்டும். பாலத்தில் எதிரே வருகிற மோட்டார்சைக்கிள்காரன் கண் கூசி நிலை தடுமாறினால் அவனுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு விரலால் ஹெட் லைட்டை இறக்கி, அடுத்த கையால் சுவிட்சைத் தேடுகிற ஏற்பாடு ஒருநாளும் சரிவராது. ஆகவே ஹெட் லைட்டின் ஹை வயரில் இருந்து ஒரு கிளை எடுத்து, சுவிட்ச் வழியாக ரிலேயின் 86 க்குக் கொடுத்தேன். 85 ஐ உடம்புத் தகட்டில் எர்த் போட்டேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இப்படித்தான் படம் இருக்கும்.

இரவு வந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். டிம்மில் விட்டால் மேலதிக லைட் பத்துகிறது. ஹையில் ஏற்றினால் நூர்ந்துவிடுகிறது. வயர் மாறிவிட்டது என்று 85 ஐயும் 86 ஐயும் மாற்றிக் கொழுவினேன், அப்போதும் அதேதான். ரிலே பழுது என்று வேறு வாங்கினேன். அதுவும் தலைகீழ். மீற்றரை வைத்துப் பார்த்தால் ஹை வயரில், டிம் போட்டிருக்கும்போது, பன்னிரண்டு வோல்ட் காட்டியது. ஹை போட்டால் பூச்சியம். வாகனத்துக்குச் சூனியம் வைத்துவிட்டார்களா என்று வீட்டில் கேட்டார்கள். அவர்கள் பகிடிக்குத்தான் கேட்டார்கள், எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

விடை கிடைத்தது டீசல் வரிசையில். அந்த வருசம் யாருக்கும் மறக்காது. உரத்தடையால் வெள்ளாமை பாதியாய்ப் போனது, பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பிறகு எண்ணெயும் இல்லை. கெப்பை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு நாள் அதற்குள்ளேயே படுத்திருந்தேன். ஏழெட்டு வாகனத்துக்குப் பின்னால் காக்காவின் வேன். முழு நாளும் சும்மா இருப்பவரிடம் கேள்வி கேட்க அதைவிட நல்ல இடம் ஏது. பொனட்டைத் திறந்தோம்.

“டிம்மில பத்துது, ஹையில நூருது. அப்படித்தானே? இந்தக் கெப்புக்கு அப்படித்தான் வரும். இது எர்த் பக்கம் சுவிச்சு.”

அவர் சொன்னதை என் பாசையில் சொல்கிறேன். பெரும்பாலான வாகனங்களில் சுவிட்ச் பிளஸ் பக்கத்தில் இருக்கும். பல்பின் மறுகால் நிரந்தரமாக உடம்பில் எர்த் ஆகி இருக்கும். அந்தக் காலத்து டொயோட்டா பலதில் ஹெட் லைட் மட்டும் இதற்கு மறுபக்கம். ஹெட் லைட்டைப் போட்டதும் பல்பின் பொதுக் காலுக்குப் பிளஸ் வந்துவிடும். ஹை, டிம் இரண்டு இழையின் மறுமுனைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும் டிம் சுவிட்சுக்குப் போகும். அது எதை எர்த்தோடு தொடுக்கிறதோ அந்த இழை பத்தும்.

இப்போது என் ரிலேயைப் பாருங்கள். டிம் போட்டிருக்கிறேன். ஹை இழையின் மறுமுனை எங்கும் தொடாமல் தொங்குகிறது. பொதுக் காலில் பிளஸ் இருப்பதால் அந்தப் பிளஸ் இழைக்குள்ளால் ஊர்ந்து ஹை வயருக்கு வந்து நிற்கிறது. இழையின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, ரிலேச் சுருளின் தடை எண்பது தொண்ணூறு ஓம். இழை பத்தப் போதாத அந்தச் சொட்டுக் கரண்ட் ரிலேயை இழுக்கத் தாராளமாகப் போதும். ஆகவே டிம்மில் மேலதிக லைட் பத்துகிறது. ஹைக்கு ஏற்றினால் அதே வயர் எர்த் ஆகிறது, சுருளின் இரண்டு பக்கமும் எர்த், ரிலே விட்டுவிடுகிறது. சூனியமும் இல்லை, பழுதும் இல்லை. ரிலே சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மீற்றர் ஏன் ஏமாற்றியது என்பதும் இதோடு விளங்கியது. மீற்றர் கரண்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. ஆகவே இழைக்குள்ளால் ஊர்ந்து வந்த வோல்ட்டையும் அசல் வோல்ட்டையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. பழைய ஆட்கள் வைத்திருக்கும், ஊசிமுனையும் சின்னப் பல்பும் உள்ள டெஸ்டர் ஒன்றை இப்போது நானும் வைத்திருக்கிறேன். டிம் போட்டிருக்கும்போது ஹை வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் அதைப் பிடித்து, அதன் பல்பு பத்தினால், எர்த் பக்கச் சுவிட்ச் என்று அங்கேயே முடிவு கட்டலாம். ஆனால் பிளஸ் பக்கச் சுவிட்ச் உள்ள வாகனத்தில், ஹை போட்டிருக்கும்போது ஹை வயருக்கு நேரே எர்த் கொடுத்தால் பியூஸ் போகும். அந்தப் பரீட்சையை டெஸ்டர் பல்பு வழியாக மட்டும் செய்யுங்கள், வெறும் வயரால் வேண்டாம்.

திருத்தம் சின்னது. 85 ஐ உடம்பில் இருந்து கழற்றி ஹை வயரில் கொடுப்பது. 86 க்குப் பிளஸ். அந்தப் பிளஸ்ஸை எங்கிருந்து எடுப்பது என்பதில் நான் இன்னொரு தடவை சறுக்கினேன். கைக்கு வசதியாக ரேடியோவுக்குப் போகும் வயரில் எடுத்தேன். சாவியைத் திருப்பியதும், ஹெட் லைட்டே போடாமல், மேலதிக லைட் மட்டும் பட்டப்பகலில் பத்தியது! ரேடியோவின் பிளஸ் ரிலேக்குள்ளால் போய், ஹை இழைக்குள்ளால் பின்வழியாகப் பொதுக் காலுக்கு ஏறி, டிம் இழைக்குள்ளால் இறங்கி, டிம் சுவிட்சில் எர்த் கண்டுவிட்டது. தண்ணீர் வரம்பில் நண்டு வளையைத் தேடிப் போவது மாதிரித்தான் கரண்டும். ஹெட் லைட்டின் பொதுக் கால் பிளஸ்ஸையே எடுத்து, கம்பனி சுவிட்சுக்குள்ளால் 86 க்குக் கொடுத்த பிறகுதான் ஒழுங்காக அடங்கியது. அன்றைக்கு வரிசையில் நின்ற சனம் முழுக்க என் கெப்பின் லைட் பத்துவதையும் நூர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது போக வேறு என்ன இருந்தது.

சுவிட்சின் பின்னால் இருக்கும் மற்ற இரண்டு கால்கள் அதன் உள் வெளிச்சத்துக்கு. அதன் எர்த் கால், மீற்றர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைக்குள்ளால் போகிறது. எர்த்தான் கிடக்கிறதே என்று அதில் ரிலேயைக் கொழுவிவிடாதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கும்போது ரிலே கிறுகிறு என்று அடித்துக்கொள்ளும். கல்லடிப் பாலத்தில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்களுக்கு என் கெப் ஒரு இரவு முழுக்க இலவசமாகப் பாடியது.

வயர் விசயத்தில் ஊரில் நடக்கிற பெரிய பிழை, வீட்டுக்கு இழுத்த மிச்சத்தை வாகனத்துக்குப் போடுவது. 1/1.13 என்பது ஒற்றைக் கம்பி. கிறவல் றோட்டு உதறலில் அது உள்ளே முறிந்துவிடும், வெளித்தோல் முறியாது. அதனால் பழுதைத் தேடவே நாள் போகும். பல இழை வயர் வேண்டும், அதுவும் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல். நான் முதலில் போட்டது 0.75. நாலு மீற்றர் ஓட்டத்தில் பத்து அம்பியருக்கு அதில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் தொலைந்துவிடும். ஒரு வோல்ட்தானே என்று நினைக்கலாம். ஹலோஜனில் வோல்ட் ஏழு வீதம் குறைந்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரட்டை லைட் பூட்டியும் ஒன்றரை லைட்டின் வெளிச்சம்தான் வருகிறது என்று கவலைப்பட்டவன் நான். லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு, மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரிப் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பல்பின் பிளஸ் காலிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ வாங்கித் தின்கிறது.

பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். இந்த இரண்டு லைட்டுக்கு 15 அம்பியர், நீல நிறம். பியூஸை லைட்டுக்குப் பக்கத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் வயர் தேய்ந்து தகட்டில் முட்டினால் அந்தப் பியூஸ் என்ன செய்யும், வேடிக்கை பார்க்கும்.

இனி உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய மண்ணில் குடியிருக்கிறோம். காற்றே உப்பு. முறுக்கி டேப் சுற்றிய இடத்தை ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் செப்பு பச்சையாகிக் கிடக்கும், தொட்டால் மாவாக உதிரும். டேப் தண்ணீரை மறிப்பதில்லை, உள்ளே போனதை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. நான் இப்போது செய்வது: அமத்தும் லக் போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடு காட்டி இறுக்கி, வெளிக் கால்களுக்கு வாசலின் தடவுவது. ஈயம் வைப்பது நல்லதுதான், ஆனால் ஈயம் ஊறிய வயர் விறைத்துவிடும், உதறலில் அந்த விளிம்பிலேயே முறியும். எர்த்தைப் பம்பர் ஆணியில் விட்டது இன்னொரு மடைத்தனம். பெயின்றும் துருவுமாக இருந்த ஆணியில் ஒரு வருசம் கூட ஓடவில்லை. இப்போது லைட்டின் எர்த் வயரும் பிளஸ் மாதிரியே தனியாகப் பெட்டரி மைனஸ் வரை போகிறது.

2024 கார்த்திகை வெள்ளத்தில் படுவான்கரைப் பாதைகளில் தண்ணீர் ஏறியபோது இரண்டு பாடம். ஒன்று, ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கப் பூட்ட வேண்டும், வயர் ஒருதரம் கீழே தொங்கி மேலே ஏறி அதற்குள் போக வேண்டும். அப்போது வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். என்னுடையது மல்லாக்கக் கிடந்தது, குளம் கட்டி நின்றது. மற்றது, கொதித்துக்கொண்டிருக்கும் ஹலோஜனோடு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கண்ணாடி பட்டென்று வெடித்தது. இறங்க முதல் ஐந்து நிமிசம் நூர்த்து ஆற விட்டிருந்தால் இன்றைக்கும் இருந்திருக்கும்.

அந்தக் கண்ணாடி போனதால்தான் எல்.ஈ.டி. பாருக்கு மாறினேன். பெட்டியில் 180 வொட் என்று அச்சடித்திருந்தது. மீற்றர் போட்டுப் பார்த்தால் நாலு அம்பியர், அதாவது ஐம்பது வொட் சொச்சம். பொய்தான், ஆனாலும் வெளிச்சம் போதும், ரிலேக்கும் வயருக்கும் சுகம். நாலு அம்பியர்தானே, ரிலே தேவையா, தன் கெப்பில் சுவிட்சிலேயே நேரே கொழுவலாமா என்று தம்பி கேட்டான். அவனுடைய கெப் புதியது. அதில் சுவிட்ச் லைட்டுக்கே போவதில்லை, ஒரு கணினிப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த வயரைச் சீவிக் கொழுவினால் சுவிட்சோடு நிற்காது செலவு. அவனைத் தொடவே விடவில்லை.

பாரைக் கூரையில் பூட்டாதீர்கள். மழையிலும், மாரிகாலத்து விடியற்பனியிலும் அந்த வெள்ளை வெளிச்சம் பொனட்டில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பம்பர் மட்டத்தில், கொஞ்சம் நிலம் பார்க்க வைத்தால் கிறவலின் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். பொலிசும் கவனிக்கிறது. 2025 தொடக்கத்தில் பஸ், ஆட்டோக்களில் பூட்டிய மேலதிகச் சோடனைகளைக் கழற்றச் சொல்லி நாடு முழுக்கப் பிடித்தார்கள். நான் பாலம் தாண்டி நகரப் பக்கம் வந்தால் பாருக்கு உறை போட்டுவிடுவேன், சுவிட்சும் நூர்த்திருக்கும். மறித்தவருக்கு, டிம் அடித்தால் எல்லாம் சேர்ந்து நூர்வதை ஒருதரம் காட்டினேன். அவர் இரண்டு தடவை அடித்துப் பார்க்கச் சொன்னார், போகச் சொல்லிவிட்டார்.

ஆனை நின்றால் நான் பாரை நூர்த்துவிடுவேன். தூரத்தில் காண்பதற்குத்தான் அந்த வெளிச்சம், கண்ட பிறகு அதன் கண்ணில் குத்திக்கொண்டு நிற்பதற்கு இல்லை. டிம்முக்கு இறக்கி, எஞ்சினை நிறுத்தாமல், பின்னால் போக இடம் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பது. விரல் ஒன்றை அசைத்தால் எல்லாம் நூர வேண்டும் என்று நான் இவ்வளவு மல்லுக்கட்டியதன் பலன் அந்த இடத்தில்தான் தெரியும். முன்பு இருந்த மாதிரி டிம் அடிக்கும்போது பாரும் சேர்ந்து பத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு இரவு கரடியனாற்றுப் பக்கம் நின்றபோது யோசித்தேன், முதுகு வேர்த்தது.

ஒன்று மட்டும் இன்னும் சரிவரவில்லை. பார் பத்தினால் ரேடியோ இரைகிறது. மலிவு எல்.ஈ.டி.க்குள் இருக்கும் சுற்று போடும் சத்தம் அது. பிளஸ் வயரில் ஒரு இரும்புத் தூள் வளையத்தைக் கொழுவினேன், கொஞ்சம் குறைந்தது. அன்ரனா வயரைத் தள்ளிப் போட்டேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. காவலுக்கு என்னோடு வரும் மாமாவுக்குப் பழைய பாட்டு இல்லாமல் ஆகாது. மதகடியில் திரும்பும் மட்டும் பாரைப் போடுகிறேன், திரும்பியதும் அவரே கையை நீட்டிச் சுவிட்சை நூர்த்துவிடுகிறார். இருட்டிலும் தடவாமல் சரியாக அந்த இடத்துக்கே அவர் கை போகிறது.